பதில்: சூப்பர்வைசர் இன்டர்வியூவில் தலைமைப் பண்பு பற்றிக் கேட்டால்?

வணக்கம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஐந்து வருடமாகத் தையல் வேலை, அடுத்த வாரம் ராணிப்பேட்டையில் சூப்பர்வைசர் வேலைக்கு இன்டர்வியூ, "எனக்குக் கீழே யாரும் இருந்ததில்லை, தலைமைப் பண்பு பற்றிக் கேட்டால் என்ன சொல்வது" என்று எழுதியிருந்தீர்கள்.

பதில் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களுக்கு அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கப் பழக்கியதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அதுதான். அதையே சம்பவமாகச் சொல்லுங்கள்: அன்று நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன ஆனது. இதற்கு ஸ்டார் (STAR: Situation, Task, Action, Result) முறை என்று பெயர். செய்ததைச் சொல்லத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தையல் ஓரத்தை விட்டு விலகுவதை எப்படிக் கவனித்தீர்கள்? கழிவுத் தோலில் கோடு போட்டுத் தைக்க வைத்தீர்களா? சரியில்லை என்று திரும்பி வந்த ஷூ ஜோடிகள் எவ்வளவு குறைந்தன? எண் நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் சொல்லுங்கள். இட்டுக்கட்டினால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம், "நாங்கள் செய்தோம்" வேண்டாம். "நான்" என்று சொல்ல நமக்குக் கூச்சம். வேலூரில் என் முதல் இன்டர்வியூவில் நானும் "நாங்கள்" என்றுதான் பேசினேன். "சரி, இதில் உங்கள் வேலை என்ன?" என்று கேட்டார்கள். வாயடைத்துப் போனேன்.

கூட வேலை செய்பவரோடு வந்த மனஸ்தாபத்தை எப்படித் தீர்த்தீர்கள் என்றும் கேட்கலாம். அந்த ஆளைக் குறை சொல்லாமல் ஒரு சம்பவம் யோசித்து வையுங்கள். ஒவ்வொன்றும் 2 நிமிடத்துக்குள் முடியட்டும். வீட்டில் யாரையாவது எதிரே உட்கார வைத்து, சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.