யாரைக் கிழவன் என்கிறீர்கள், தம்பி?

அன்புள்ள அண்ணா,

மீனாட்சிபுரத்திலிருந்து எழுதுகிறேன். என் அப்பா ஷான் கானரியின் பரம ரசிகர். பழைய பாண்ட் படங்களைப் பொள்ளாச்சிக்கு சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்தவர். போன வாரம் அவரோடு உட்கார்ந்து 'நெவர் சே நெவர் அகெய்ன்' பார்த்தேன். பெரிய ஏமாற்றம். கதை அவருடைய பழைய 'தண்டர்பால்' கதையேதான். அந்தப் பிரபலமான இசையும் இல்லை. ஆரம்பத்திலேயே பாண்டை உடம்பைத் தேற்றிக்கொள்ள அனுப்பிவிடுகிறார்கள். அங்கே ஒரு சண்டையை மூத்திரத்தை வீசி ஜெயிக்கிறார், அருவருப்பாக இருந்தது. விக் வைத்த ஒரு கிழவன் பணத்துக்காகத் திரும்பி வந்து தன் பேரைத் தானே கெடுத்துக்கொண்டான் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போனவர்தான், இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கமலும் மம்மூட்டியும் இப்போது இதைத்தானே செய்கிறார்கள்? அதே வருடம் ரோஜர் மூர் நடித்து வந்த 'ஆக்டோபுஸி' இதைவிட நல்ல படம் என்பது என் எண்ணம். உங்கள் கருத்து என்ன? ஒரு நடிகர் எப்போது நிறுத்திக்கொள்ள வேண்டும்?

உங்கள் வாசகன்

அன்புள்ள தம்பி,

முதலில் அப்பாவிடம் போய்ப் பேசுங்கள். இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். கதை ஏன் அதே கதை என்றால், அது கோர்ட் விவகாரம். பாண்டைப் படைத்த எழுத்தாளர் இயன் ஃப்ளெமிங், கெவின் மெக்ளோரி, ஜாக் விட்டிங்காம் மூன்று பேரும் சேர்ந்து ஒரு சினிமாவுக்காக உருவாக்கிய கதை அது. படம் நடக்கவில்லை என்றதும் ஃப்ளெமிங் அதை 1961இல் தன் நாவலாகப் போட்டுவிட்டார். மெக்ளோரி வழக்குப் போட்டு, 1963இல் சமரசமாகி, படமாக்கும் உரிமை அவர் கைக்கு வந்தது. 1965இல் 'தண்டர்பால்' படத்துக்கு, பாண்ட் படங்களை எடுக்கும் வழக்கமான கம்பெனியோடு அவர் சேர்ந்துகொண்டார். பிறகு தனியாக ஒரு பாண்ட் படம் எடுக்க நினைத்தபோது அவரிடம் இருந்தது அந்த ஒரே கதை. இசையும் அந்தத் துப்பாக்கிக் குழாய் ஆரம்பமும் அந்தக் கம்பெனியின் சொத்து. இல்லாததை எப்படிப் போடுவார்கள்? விக் சமாசாரமும் அப்படித்தான். இளவயதிலேயே முடி கொட்டியவர் கானரி, நீங்கள் கொண்டாடும் அறுபதுகளின் படங்களிலும் விக்தான். பணம் என்கிறீர்கள். 1971இல் ஒரு தடவை விட்டுவிட்டுத் திரும்பி வந்து 'டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' நடித்தாரே, அதற்கு வாங்கிய 12.5 லட்சம் டாலரை ஸ்காட்லாந்துப் பிள்ளைகளின் படிப்புக்காக ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தவர். சரி, அதை விடுங்கள்.

விட முடியாதது அந்தக் 'கிழவன்'தான்.

1983இல் வந்த இந்தப் படத்தில் நடிக்கும்போது கானரிக்கு வயது 52. நீங்கள் சிலாகிக்கும் ரோஜர் மூர் 1927 அக்டோபரில் பிறந்தவர். கானரி 1930 ஆகஸ்டில். அதாவது 'ஆக்டோபுஸி'யின் பாண்ட், உங்கள் 'கிழவனை' விடக் கிட்டத்தட்ட மூன்று வயது மூத்தவர். அவரை நீங்கள் கிழவன் என்று எழுதவில்லை. ஏன் என்று யோசித்தீர்களா? மூர் 1973இல் வந்தவர், நடுவில் எங்கும் போகவில்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு படம் வந்துகொண்டே இருந்தது, அவர் முகத்தோடு சேர்ந்து பார்க்கிறவர்கள் முகமும் மாறியது. யாருக்கும் தெரியவில்லை. கானரி பன்னிரண்டு வருடம் அந்த வேஷத்தை விட்டு எழுந்து போனார், திரும்பி வந்து நின்றார், உடனே பழைய ஆளைப் பக்கத்தில் நிறுத்தி அளக்கிறோம். கூடவே இருந்தவருக்கு வயதாவது கண்ணில் படாது. போய்வந்தவனிடம்தான் எல்லாவற்றையும் எண்ணிப்பார்ப்பார்கள், எத்தனை நரை, எத்தனை சுருக்கம், மூச்சு வாங்குகிறதா என்று. இது அநியாயம் என்று நான் பல வருடமாகச் சொல்லிவருகிறேன். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

என் பெரிய மாமா வள்ளி திருமணத்தில் முருகன் வேஷம் கட்டுகிறவர். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் பக்கத்து ஊர்களில் மாரியம்மன் நோம்பி என்றால் விடிய விடிய நாடகம் இருக்கும், மாமா இருந்தால் வேலந்தாவளம், கோபாலபுரம் ஆட்களெல்லாம் மாட்டு வண்டியில் வந்து இறங்குவார்கள் என்று அம்மா சொல்வாள். அப்புறம் அவர் நெல்லியாம்பதி எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டார். வேஷத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். மாமா ஊர் திரும்பியபோது தலை நரைத்து, வலது முழங்கால் மடங்காமல் போயிருந்தது. அந்த வருடம் முருகன் வேஷக்காரர் வேலைக்கு என்று திருப்பூர் போய்விட, நோம்பி சாட்டியாகிவிட்டது, வேறு ஆளில்லை. ஊர்க்காரர்கள் மாமா வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள்.

பள்ளிக்கூட வகுப்பறைதான் வேஷம் கட்டும் இடம். நான் உள்ளே நின்று பார்த்தேன். முழங்காலில் கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றி, ஊக்குக் குத்தி, அதன்மேல் பட்டுத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டார். அரிதாரம் கழுத்துச் சுருக்கத்தில் திட்டுத்திட்டாக நின்றது, அதை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

மாமா ஒரு காலத்தில் ஐந்து கட்டைச் சுருதியில் பாடியவர். அன்றைக்கு ஆர்மோனியக்காரர் சுருதியை இறக்கி மூன்றரையில் கை வைத்தார். யாரையும் கேட்கவில்லை. மாமா மேடையில் இருந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஆர்மோனியக்காரர் நிமிரவே இல்லை, துருத்தியை அமுக்கிக்கொண்டு மிருதங்கத்தைப் பார்த்துத் தலையாட்டினார். மாமா அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள், "கொரலு அப்படியே இருக்குதுங்கக்கா" என்று பேசிக்கொண்டார்கள்.

வேடனாக வந்த முருகன் வள்ளியிடம் கெஞ்சி மண்டியிடும் இடம் ஒன்று உண்டு. மாமா மண்டியிட்டுவிட்டார். எழ முடியாது என்று எனக்குத் தெரியும், பேண்டேஜைப் பார்த்தவன் நான். வள்ளி வேஷம் கட்டிய அம்மாள் ஒரு அடி முன்னால் வந்து, வெட்கப்படுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்து அவர் எழுந்தார், எழுந்த வேகத்திலேயே அவள் அவரைச் சுற்றி ஒரு வட்டம் ஆடினாள். கூட்டத்தில் விசில் பறந்தது. காதல் என்று நினைத்தார்கள். காதலாகவும்தான் இருந்தது.

அப்புறம் முருகன் விருத்தனாக வேஷம் மாறி வரும் காட்சி. தேனும் தினைமாவும் தின்று விக்கல் எடுத்து வள்ளியிடம் தண்ணீர் கேட்பார். இளவயதில் இந்தக் காட்சிக்குக் கூன் போட்டு, இருமி, கையை நடுக்கிக் கைதட்டல் வாங்கியவர் மாமா. அன்றைக்கு அதெல்லாம் ஒன்றும் செய்யவில்லை. நேராக நின்று தண்ணீரை வாங்கினார், மெதுவாகக் குடித்தார், மீதியைத் திருப்பிக் கொடுத்தார். வள்ளி திருமணம் நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு விருத்தனைப் பார்த்ததில்லை. அப்போதுதான் என் பக்கத்தில் இருந்த ஒருவன் "தாத்தா, போதும், எறங்கு" என்று கத்தினான். உங்கள் வயதுதான் இருக்கும். மாமா காதில் அது விழுந்தது. எனக்கு இன்றைக்கும் அவன்மேல் கோபம் ஆறவில்லை. உங்கள் கடிதத்தில் அந்த வார்த்தையைப் படித்தபோது அதே கோபம் வந்தது, மறைத்து எழுதத் தெரியவில்லை எனக்கு.

திரும்பி வருகிறவனுக்குச் சுருதியை இறக்கிக் கொடுக்க ஆள் வேண்டும், தம்பி. அவன் கேட்காமலே செய்ய வேண்டும், பார்க்கிறவனுக்குக் குறை தெரியாமல் செய்ய வேண்டும். பாண்டை உடம்பைத் தேற்ற அனுப்பியது, மூத்திரத்தை வீசியது என்று நீங்கள் குறையாக எழுதியிருக்கும் இரண்டும் அந்த வேலைதான்.

'நெவர் சே நெவர் அகெய்ன்' எப்படித் தொடங்குகிறது? பாண்ட் காட்டுக்குள் புகுந்து, ஆட்களை வீழ்த்தி, பிணைக்கைதியை மீட்கப் போகிறார். அந்தப் பெண்ணே அவரைக் கத்தியால் குத்துகிறாள். பிறகுதான் அது பயிற்சி என்று தெரிகிறது. பாண்ட் தோற்றுவிட்டார்! பாண்ட் படத்தின் முதல் காட்சியில் இப்படி நடந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அடுத்து பாண்டின் புது மேலதிகாரி எம், அதாவது எட்வர்ட் ஃபாக்ஸ், கானரியைவிட இளையவர், பாண்ட் மாதிரி இரட்டைச் சைபர் உளவாளிகளே தேவையில்லை என்று நினைக்கிறவர். சிவப்பு இறைச்சி, வெள்ளை ரொட்டி, மார்ட்டினி எல்லாம் சேர்ந்து உன் உடம்பைக் கெடுத்துவிட்டது என்கிறார். கானரி முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், அப்படியானால் வெள்ளை ரொட்டியை நிறுத்திவிடுகிறேன் என்கிறார். இந்த ஒரு பதிலை இளைஞன் சொன்னால் வெறும் வாய்த்துடுக்கு. 52 வயதுக்காரர் சொல்லும்போது அதில் இருப்பது வேறு.

உடம்பைத் தேற்ற அவர் அனுப்பிவைக்கும் ஷ்ரப்லேண்ட்ஸில் நடக்கும் அந்தச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மலை மாதிரி ஓர் ஆள் வந்து அடிக்கிறான், பேட் ரோச், நிஜத்திலேயே மல்யுத்த வீரர். பாண்ட் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு, சமையலறை வழியாக, தூக்கித் தூக்கி எறியப்படுகிறார். ஒரு குத்தும் அவனுக்கு வலிக்கவில்லை. கடைசியில் ஆய்வுக்கூடத்தில் கைக்குக் கிடைத்த கண்ணாடிக் குவளையில் இருந்ததை அவன் கண்ணில் வீசுகிறார், அவன் தடுமாறிப் பின்னால் போய் விழுந்து சாகிறான். அப்போது குவளையில் ஒட்டிய சீட்டைக் காட்டுகிறார்கள். ஜேம்ஸ் பாண்ட் என்று எழுதியிருக்கிறது, பரிசோதனைக்காக அவர் கொடுத்தது. இதில் என்ன அருவருப்பு? அந்த வயதில் ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் கையில் கொடுப்பது அந்தக் குவளையைத்தானே, உங்கள் அப்பாவைக் கேளுங்கள். உடம்பு பரிசோதனைக்கு வந்த மனிதனின் கையில் என்ன இருக்கும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள். பலத்தால் ஜெயிக்க வைத்திருந்தால் அதுதான் பொய். நீங்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனில் வேறு எதையோ பார்த்திருப்பீர்கள்.

இதே வேலையை மூருக்கு யாரும் செய்யவில்லை. 1985இல் 'எ வியூ டு எ கில்' வந்தபோது அவருக்கு 57. கதை அவரை இன்னும் இளைஞனாகவே வைத்து ஓடவும் ஏறவும் விட்டது. கஷ்டமான இடங்களில் டூப் நடிகர்கள் என்று கண்ணுக்கே தெரிந்தது. அது மூரின் குற்றமே இல்லை. நல்ல நடிகர், நல்ல மனிதர். ஆர்மோனியத்தில் கை வைத்தவர்கள் ஐந்து கட்டையை விட்டு இறங்கவில்லை.

கமல், மம்மூட்டி என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு இரண்டு பேரும் சொந்த நடிகர்கள், 2022 மே முதல் தேதி மம்மூட்டியின் சி.பி.ஐ. அதிகாரி சேதுராம ஐயரும் ஜூன் 3 கமலின் விக்ரமும் அடுத்தடுத்து வந்தார்கள். 1986 விக்ரமில் சுஜாதா எழுதியது துள்ளித் திரியும் ஓர் உளவாளியை. 67 வயதில் கமல் அதே பெயரோடு வந்தபோது லோகேஷ் கனகராஜ் அவரைப் பேரனைத் தூக்கி வைத்திருக்கும் தாத்தாவாக நிறுத்தினார், படத்தின் பாதியை மற்றவர்கள் தோளில் ஏற்றினார். சரியாகச் செய்தார். மம்மூட்டிக்கு அப்போது 70. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கும் சேதுராம ஐயரின் அந்த நடை 1988இல் வந்த முதல் படத்தில் இருந்ததுபோலவே இருந்தது. கதைதான் அவருக்குக் கை கொடுக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் அந்தப் படத்தில் மலையாள நடிகர் ஜகதி ஸ்ரீகுமார் வந்தார். 2012இல் கார் விபத்தில் சிக்கி முடங்கியவர். அவருடைய பழைய வேஷத்தையே அவருக்குக் கொடுத்து, சக்கர நாற்காலியில் உட்காரவைத்தே எடுத்தார்கள். பாலக்காட்டில் தியேட்டரில் என்னைச் சுற்றியிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். இவரையும் போதும், இறங்கு என்பீர்களா?

எப்போது நிறுத்த வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அதைச் சொல்ல நீங்களும் நானும் யார்? கானரியே 1971க்குப் பிறகு இனி இந்த வேஷம் இல்லை என்று சொன்னவர்தான், அதை வைத்தே அவர் மனைவி மிஷலின் 'இனி ஒருபோதும் இல்லை என்று சொல்லாதே' என்ற பொருளில் இந்தப் படத்துக்குப் பெயர் வைத்தார். வந்தார், நடித்தார். அதன்பிறகு அவருக்குக் கிடைத்தவற்றில் பல மூத்தவர் வேஷங்கள். 'தி அன்டச்சபிள்ஸ்' படத்தில் சிகாகோ தெருவில் ரோந்து சுற்றும் வயதான போலீஸ்காரராக நடித்து ஆஸ்கர் வாங்கினார். 1989இல் தன்னைவிடப் பன்னிரண்டு வயதே இளைய ஹாரிசன் ஃபோர்டுக்கு அப்பாவாக நடித்தார். 1983இல் தோற்கும் பாண்டாக நிற்கக் கூச்சப்பட்டிருந்தால் இதெல்லாம் வந்திருக்குமா? வந்திருக்காது என்பேன் நான்.

எது நல்ல படம் என்று கேட்டதை மறந்தே போனேன். 'ஆக்டோபுஸி'தான். உதய்ப்பூர் ஏரி இருக்கிறது, நம் விஜய் அமிர்தராஜ் டென்னிஸ் மட்டையோடு ஆட்டோவில் வருகிறார், வேகம் குறையவில்லை, வசூலிலும் அதுதான் முந்தியது. அப்பாவிடம் கேட்டால் அவரே ஒப்புக்கொள்வார். அவர் கோபப்பட்டது படத்துக்காக இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை 'தி அன்டச்சபிள்ஸ்' போடுங்கள். அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், போனை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள், படம் முடியும்வரை பேசாதீர்கள். முடிந்தபிறகு அவர் பேசுவார், கேளுங்கள்.

அன்புடன்
அண்ணன்