டைக்ஸ்ட்ராவை விட வேகமான அல்காரிதம் வந்துவிட்டதாமே, எங்கள் டெலிவரி ஆப்பில் அதைப் போடலாமா?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது: சென்னையில் ஒரு சின்ன டெலிவரி ஆப். தி.நகர், மாம்பலம், சைதாப்பேட்டை, வேளச்சேரிப் பக்கம் ஓட்டம். வரைபடத்தில் சுமார் 5 லட்சம் நோடு (சந்திப்புப் புள்ளி), 12.5 லட்சம் எட்ஜ் (இரு புள்ளிகளை ஒரு திசையில் இணைக்கும் சாலைத் துண்டு). பீக் நேரத்தில் 30 ரைடர், 40 ஆர்டர். எந்த ஆர்டர் யாருக்கு என்று முடிவு செய்யவே ஒரு நிமிடம் ஆகிறது. சி++-இல் நீங்களே எழுதிய டைக்ஸ்ட்ரா, அதாவது குறுகிய பாதை கண்டுபிடிக்கும் அல்காரிதம். 2025-ல் டைக்ஸ்ட்ராவை முறியடித்த செய்தியைப் பார்த்துவிட்டு, அதை எழுதிப் போட்டால் சரியாகுமா என்கிறீர்கள்.

ஆகாது. சாதனை நிஜமானதுதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் உங்கள் ஒரு நிமிடத்துக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். டைக்ஸ்ட்ரா 1956-ல் யோசித்து 1959-ல் வெளியிட்ட முறை, இன்று எழுதப்படும் வடிவில், எட்டிய நோடுகளில் தூரம் மிகக் குறைந்ததை ஒவ்வொரு முறையும் ஹீப்பிலிருந்து (மிகச் சிறியதைச் சட்டென்று எடுத்துத் தரும் அமைப்பு) எடுக்கிறது. அதனால் நோடுகள் தூர வரிசையில்தான் வெளியே வரும். அதாவது, தூரத்தைக் கணக்கிடும்போதே ஒரு சார்ட்டிங்கும் இலவச இணைப்பாக நடந்துவிடுகிறது. நோடுகளின் எண்ணிக்கையை 'என்', எட்ஜுகளின் எண்ணிக்கையை 'எம்' என்று வைத்தால், ஒப்பிட்டுச் சார்ட் செய்ய என் × லாக் என் வேலை தேவை. ஃபிரெட்மேனும் டார்ஜனும் 1980-களில் கொண்டுவந்த ஃபிபோனச்சி ஹீப்போடு சேர்த்தால் மொத்தம் எம் + என் × லாக் என். எட்ஜுகளுக்குத் திசை உள்ள கிராஃபில் (நோடு-எட்ஜ் அமைப்பில்), எட்ஜ் நீளங்களைக் கூட்டியும் ஒப்பிட்டும் மட்டுமே கணக்கிடும் முறைகளில், அதற்குக் கீழே பல வருடம் யாராலும் போக முடியவில்லை.

2024-ல் டார்ஜனும் இருந்த ஒரு குழு, தூர வரிசையும் வேண்டுமென்றால் சரியான ஹீப்போடு சேர்ந்த டைக்ஸ்ட்ராவே ஒவ்வொரு கிராஃபுக்கும் உகந்தது என்று நிறுவியது. மறு வருடமே சிங்ஹுவா பல்கலைக்கழகத்தின் ரான் துவானும் இன்னும் நால்வரும், வரிசை வேண்டாம் தூரம் மட்டும் போதும் என்றால் குறைக்கலாம் என்று காட்டினார்கள். இரண்டும் முரண் இல்லை. ஒரு வகுப்பில் எல்லாருடைய மார்க்கும் வேண்டும், ரேங்க் யாரும் கேட்கவில்லை என்றால் ரேங்க் போடும் வேலை மிச்சம்தானே? அவர்கள் பெற்ற அளவு: எம் × லாக் என்-இன் மூன்றில் இரண்டு அடுக்கு. ஸ்டாக் 2025 என்ற கணினிக் கோட்பாட்டு மாநாட்டின் சிறந்த கட்டுரை விருதும் கிடைத்தது.

உத்தி அழகானது. தூரம் தெரிந்த பகுதியின் எல்லையில் நிற்கும் நோடுகளை எல்லாம் ஹீப்பில் போட்டு வரிசைப்படுத்துவதற்குப் பதில், அவற்றிலிருந்து பெல்மேன்-ஃபோர்டு முறையில் (வரிசை பார்க்காமல் எட்ஜ் எட்ஜாகத் தூரத்தைத் திருத்துவது) 'கே' சுற்று மட்டும் தள்ளிப் பார்க்கிறார்கள். அந்தச் சுற்றுகளுக்குள் முடிகிற நோடுகள் முடிந்தன. முடியாதவற்றின் குறுகிய பாதை எல்லாம், தனக்குக் கீழே குறைந்தது 'கே' நோடு தொங்கும் சில எல்லை நோடுகள் வழியாகத்தான் போயாக வேண்டும். அவற்றுக்குப் பிவட் என்று பெயர். தொட்ட நோடுகளில் 'கே'-யில் ஒரு பங்குக்கு மேல் பிவட் இருக்க முடியாது. அந்தப் பிவட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தூர வரம்பைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ரிகர்ஷனில் (அதே முறையை ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி கூப்பிட்டு) இறங்குகிறார்கள்.

இப்போது உங்கள் எண்களைப் போடுங்கள். 5 லட்சத்தின் லாக், இரண்டின் அடிமானத்தில், ஏறக்குறைய 19. கட்டுரையில் 'கே' என்பது லாக் என்-இன் கனமூலம்: 2.67, முழு எண்ணாக்கினால் 2. ஆக, இவ்வளவு நுட்பமான இயந்திரம் உங்கள் வரைபடத்தில் செய்யப்போவது இரண்டு சுற்று பெல்மேன்-ஃபோர்டு, எல்லையைப் பாதியாக்குவது, அவ்வளவுதான். ரிகர்ஷன் ஆழம் 3. காகிதத்தில் கிடைக்கும் லாபமும் அதே கனமூலம்தான், அதாவது 2.67 மடங்கு. வரைபடத்தை 10 கோடி நோடாக்கினாலும் லாபம் 3 மடங்கைத் தொடாது. அந்த 2.67-ஐ அந்த முறைக்கே உரிய தொகுதி தொகுதியாகப் போட்டு எடுக்கும் டேட்டா ஸ்ட்ரக்சரும், ரிகர்ஷனும், திரும்பத் திரும்ப ரிலாக்ஸ் செய்வதும் (எட்ஜ் வழியாகத் தூரத்தைத் திருத்துவதும்) சாப்பிட்டுவிடும்.

எதிர்ப்பக்கமும் அவ்வளவு பலவீனமாக இல்லை. சாலை வரைபடத்தில் டைக்ஸ்ட்ரா, குளத்தில் கல் விழுந்தது போல வளையமாகப் பரவுகிறது. ஹீப்பில் இருப்பது வளையத்தின் விளிம்பு மட்டும். 5 லட்சம் நோடில் அந்த விளிம்பு சில ஆயிரத்தைத் தாண்டுவது அபூர்வம். எனவே நிஜத்தில் ஹீப்பின் ஆழம் 19 இல்லை, 10-லிருந்து 12 வரை. ஒரு நோடுக்கு நான்கு பிள்ளை வைத்த ஹீப் என்றால் 5, 6. தவிர, ஒரு இடத்திலிருந்து ஒரு இடத்துக்கு என்றால் டைக்ஸ்ட்ரா இலக்கை ஹீப்பிலிருந்து எடுத்ததும் நின்றுவிடலாம். புது முறை வரிசையை விட்டுக்கொடுத்துத்தான் வேகம் வாங்குகிறது. அங்கே அப்படிச் சட்டென்று நிறுத்த வழியில்லை.

சரி, உங்கள் ஒரு நிமிடம் எங்கே போகிறது? 30 ரைடர், 40 ஆர்டர், 1200 ஜோடி. ஜோடிக்கு ஒரு டைக்ஸ்ட்ரா, சராசரி 50 மில்லிசெகண்ட். பெருக்கினால் 60 வினாடி. ஆனால் டைக்ஸ்ட்ரா ஒரு மூலத்திலிருந்து எல்லா இடத்துக்கும் தூரம் தருகிறது! ரைடருக்கு ஒன்று வீதம் 30 ஓட்டம் போதும், 40 ஆர்டரின் கடைகளும் முடிந்ததும் நிறுத்துங்கள். ஒவ்வொன்றும் முழு வரைபடத்தையும் சுற்றி 100 மில்லிசெகண்ட் எடுத்தாலும் மொத்தம் 3 வினாடி. ஒரு லூப்பை மாற்றியதற்கு 20 மடங்கு. ரைடர்களை விடக் கடைகள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கும் நேரத்தில் கடையிலிருந்து தொடங்குங்கள். ஆனால் அப்போது எட்ஜுகளைத் திருப்பிப் போட்ட கிராஃபில் ஓட்ட வேண்டும். ஒன்வே நிறைந்த ஊரில் கடையிலிருந்து ரைடருக்குப் போகும் தூரமும் ரைடர் கடைக்கு வரும் தூரமும் ஒன்றல்ல. இதை மறந்தால் எண்கள் 'கிட்டத்தட்ட சரியாக' வந்து மாதக்கணக்கில் ஏமாற்றும்.

அதே கோடில் இன்னும் சில. ஓட்டத்துக்கு ஓட்டம் 5 லட்சம் தூரங்களையும் முடிவிலி என்று அழித்து எழுதாதீர்கள். ஒவ்வொரு நோடுக்கும் ஓட்ட எண்ணைக் குறித்து வைத்து, எண் பொருந்தாவிட்டால் முடிவிலி என்று எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தை ஃப்ளோட்டில் வைக்காமல் பத்தில் ஒரு வினாடியாக முழு எண்ணில் வையுங்கள். நோடுக்கு ஒரு வெக்டர் என்று வைத்திருந்தால், எட்ஜுகளை ஒரே தொடர் அரேவாக மாற்றுங்கள்: 5 லட்சம் தொடக்க எண்கள் 2 எம்பி, எட்ஜுக்கு 8 பைட் வீதம் 10 எம்பி. ஆக 12 எம்பி, பெரும்பாலும் சர்வரின் கேஷிலேயே அடங்கிவிடும். ஹீப்பில் பழைய பதிவு வெளியே வந்தால், அதன் தூரம் இப்போதைய தூரத்தை விட அதிகமா என்று பார்த்துத் தள்ளிவிடும் அந்த ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டாலும் விடை சரியாகத்தான் வரும், வேகம் மட்டும் போகும். அதனால்தான் யார் கண்ணிலும் படாது.

இலக்குக்கு மிச்சமுள்ள தூரத்தை மதிப்பிட்டு அந்தப் பக்கமாகவே தேடும் ஏ-ஸ்டார் போடலாமே என்று அடுத்து தோன்றும். நேரத்தைக் குறைக்கும் பாதைக்கு, மிச்சமுள்ள நேர்கோட்டுத் தூரத்தை வரைபடத்தின் அதிகபட்ச வேகத்தால் வகுக்க வேண்டும். பைபாஸ் சாலைக்கு 80 கி.மீ. வைத்திருக்கிறீர்கள், மாம்பலத்துத் தெருவில் 20 என்றால், மதிப்பீடு நிஜத்தில் கால் பங்குதான். பெயர்தான் ஏ-ஸ்டார், பரவுவது டைக்ஸ்ட்ரா போலவே. அதைச் சரிக்கட்ட 80-க்குப் பதில் சராசரி வேகத்தைப் போட்டால் வேகம் கூடும், பாதை தப்பாகும். அதற்கு மேல் இங்கே அடையாறும் ரயில் பாதையும் குறுக்கே கிடக்கின்றன. ஆற்றைக் கடக்க மறைமலை அடிகள் பாலம், கோட்டூர்புரம் பாலம், திரு.வி.க. பாலம் என்று சில வாசல்கள்தான். மேற்கு மாம்பலத்தில் நிற்கும் ரைடர் தி.நகர்க் கடைக்கு நேர்கோட்டில் அரை கிலோமீட்டர்கூட இருக்க மாட்டார். வண்டியோடு வர துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை என்று சுற்ற வேண்டும். 'பக்கத்து ரைடரை' நேர்கோட்டில் தேர்ந்தெடுக்கும் முன்வடிகட்டி இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஒதுக்கீடு கெடுவது அங்கேதான்.

நீண்டகாலத் தீர்வு வேண்டுமென்றால் 2008-ல் கார்ல்ஸ்ரூவே ஆய்வாளர்கள் தந்த கான்ட்ராக்ஷன் ஹைரார்க்கி. முக்கியத்துவம் குறைந்த நோடிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சுருக்கி, தூரம் கெடாதபடி ஷார்ட்கட் எட்ஜுகளைச் சேர்க்கிறது. பிறகு தேடும்போது இரு முனையிலிருந்தும் மேல்நோக்கி மட்டும் ஏறினால் போதும், சில நூறு நோடுகளிலேயே சந்திப்பு நடந்துவிடும். 1.8 கோடி நோடு கொண்ட மேற்கு ஐரோப்பா வரைபடத்திலேயே ஒரு தேடல் மில்லிசெகண்டுக்குள் முடிகிறது. இதை நீங்கள் எழுத வேண்டாம். ஓஎஸ்ஆர்எம் என்ற திறந்த மூலப் பாதை மென்பொருள் இலவசமாகத் தருகிறது. அதில் இன்னொரு முறையும் உண்டு, எம்எல்டி (வரைபடத்தைப் பல அடுக்குப் பகுதிகளாகப் பிரிப்பது). தேடல் வேகம் சற்றுக் குறைவு, ஆனால் சென்னைக்கு நான் எம்எல்டியைத்தான் சொல்வேன்.

காரணம் மழை. வரைபடத்தின் எடை (ஒரு எட்ஜைக் கடக்கும் நேரம்) மாறினால் கான்ட்ராக்ஷன் ஹைரார்க்கியில் சுருக்கும் வேலையை மறுபடி செய்ய வேண்டும். எம்எல்டியில் வரைபடத்தைப் படிக்கும் எக்ஸ்ட்ராக்ட், பகுதிகளாகப் பிரிக்கும் பார்ட்டிஷன் இரண்டும் ஒரு முறைதான். எடை மாறும்போது கஸ்டமைஸ் படி மட்டும் திரும்ப ஓடும், ஒரு நகரத்துக்கு அது சில வினாடி. சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால், தொடக்க நோடு எண், முடிவு நோடு எண், வேகம் என்று ஒரு வரியைச் சிஎஸ்வி கோப்பில் எழுதுங்கள். வேகம் 0 என்றால் அந்த வழி அடைப்பு. வரி திசை பார்த்தது: போக ஒன்று, வர ஒன்று என இரண்டு எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் போகிற ரைடர் சுற்றிப் போவார், திரும்புகிறவர் தண்ணீருக்குள் இறங்குவார். மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிடப்படும் சாலைகளுக்கும் இதே கோப்பு போதும்.

தயாரான வரைபடத்தை விட்டு நீங்களே கிராஃப் கட்டுவதாக இருந்தால் ஒரு குழி இருக்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகையை நான்கு தசமத்துக்குச் சுருக்கி, ஒரே எண் வந்தால் ஒரே நோடு என்று இணைக்கும் கோடு நிறையப் பேரிடம் உண்டு. நான்கு தசமம் என்பது சுமார் 11 மீட்டர். கத்திப்பாராவில் மேலே போகும் சாலையும் கீழே போகும் சாலையும் அந்த 11 மீட்டருக்குள் ஒன்றாகிவிடும். உங்கள் ரைடர் மேம்பாலத்தின் நடுவிலிருந்து ஜிஎஸ்டி சாலைக்குக் குதித்து இறங்குவதாகப் பாதை வரும். இலவச வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் நோடு எண்ணை மட்டும் நம்புங்கள். எண் பகிரப்படவில்லை என்றால் அங்கே சந்திப்பு இல்லை.

திரும்பக்கூடாத திருப்பங்களையும் நோடு அடிப்படையிலான கிராஃபில் சொல்ல முடியாது. 'இந்தச் சாலையிலிருந்து வந்தால் வலது திரும்பாதே' என்பதற்கு, எப்படி வந்தோம் என்பது நினைவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு திசை எட்ஜையும் நோடாக்கினால்தான் நடக்கும். அப்போது உங்கள் 5 லட்சம், 12.5 லட்சமாகிவிடும். ஓஎஸ்ஆர்எம் இதைத் தானே செய்துகொள்கிறது. அதன் கார் புரொஃபைலில் யூ-டர்னுக்கு 20 வினாடி, சிக்னலுக்கு 2 வினாடி என்று இருக்கும். நம்மூர் சிக்னலுக்கு 2 வினாடி என்பது நல்ல நகைச்சுவை. உங்கள் ரைடர்களின் ஜிபிஎஸ் பதிவை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஓஎஸ்ஆர்எம்மில் பல மூலத்திலிருந்து பல இலக்குக்கு ஒரேயடியாக நேரம் தரும் டேபிள் சேவையைக் கூப்பிடும்போது மூலம் எவை, இலக்கு எவை என்று குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் 70-க்கு 70 என்று 4900 ஜோடியைக் கணக்கிடும். இயல்பாகவே 100 என்ற உச்சவரம்பும் உண்டு. தொடக்கத்திலேயே ஏற்றிவிடுங்கள், தீபாவளி இரவில் பிழைச்செய்தி வரக்காத்திருக்க வேண்டாம். ஆயங்களைத் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு என்று கொடுக்க வேண்டும். 13.08, 80.27 என்று மாற்றிக் கொடுத்தால் உங்கள் ஆர்டர் சென்னையில் இல்லை, ஸ்வால்பார்டுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் இருக்கிறது.

பழைய டைக்ஸ்ட்ரா கோடை அழித்துவிடாதீர்கள். திருப்பத் தடைகளோடு எட்ஜ் அடிப்படைக்கு மாற்றி, அதே எடைகளைக் கொடுத்து, எடை மாறும் ஒவ்வொரு முறையும் 1000 தற்செயல் ஜோடிகளைப் புது அமைப்போடு ஒப்பிடுங்கள். பாதை வேறாக இருக்கலாம், சம நேரப் பாதைகள் உண்டு. மொத்த நேரம் மட்டும் ரவுண்டிங் அளவுக்கு மேல் வேறாகவே கூடாது. வேறாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஒன்வே திசை, அடுத்து திருப்ப அபராதம் இரு பக்கமும் ஒன்றா என்பது, பிறகு தொடக்கப் புள்ளி இரண்டிலும் ஒரே தெருவின் ஒரே பக்கத்தில் ஒட்டுகிறதா என்பது. நடுவில் தடுப்பு உள்ள ஓஎம்ஆர் போன்ற சாலையில் எதிர்ப்பக்கம் ஒட்டிவிட்டால் அடுத்த யூ-டர்ன் வரை போய்த் திரும்பும் நேரம் அப்படியே கூடியிருக்கும்.