வார்ட்புர்க் கோட்டை: 12ஆம் நூற்றாண்டா, 19ஆம் நூற்றாண்டா?

வணக்கம். ஜெர்மனியின் ஐசனாக் நகருக்கு மேலே குன்றில் நிற்கும் வார்ட்புர்க் கோட்டையை ஒரு கையேடு 12ஆம் நூற்றாண்டினது என்றும், மற்றொன்று 19ஆம் நூற்றாண்டினது என்றும் கூறுவதால், கட்டுரையில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே பாதி உண்மைதான். பகுதி பகுதியாகப் பிரித்து எழுதுங்கள்.

1067இல் நிறுவப்பட்டது என்பது மரபுச் செய்தி. ஆவணக் குறிப்பு 1080இல்தான் முதலில் கிடைக்கிறது. அப்பகுதியான துரிங்கியாவின் ஆட்சியாளர்கள் 12ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் எழுப்பிய அரண்மனைப் பகுதியே அசலான ரோமனெஸ்க் (இடைக்கால ஐரோப்பியப் பாணி) கட்டடம். அரைவட்ட வளைவுகள் வரிசையாக அமைந்த அதன் முற்றத்து முகப்பையும், சிற்ப வேலைப்பாடு கொண்ட தூண் தலைப்புகளையும் விரிவாக எழுதலாம். ஆனால் அத்தலைப்புகளில் சில பிற்காலப் பிரதிகள் என்பதைக் குறிப்பிட மறவாதீர்கள்.

மாறாக, தொலைவிலிருந்தே கண்ணில் படும், உச்சியில் சிலுவை தாங்கிய பெரிய கோபுரம், கார்ல் அலெக்சாண்டர் கோமகனின் ஆதரவில் கட்டடக் கலைஞர் ஹூகோ ஃபான் ரிட்கன் 1850களில் எழுப்பியது. விழா மண்டபத்தின் ஆடம்பரமான மரக் கூரையும் அந்த 19ஆம் நூற்றாண்டுப் புதுப்பிப்பைச் சேர்ந்ததே. புனித எலிசபெத்தின் பெயர் தாங்கிய அறையின் பொன்னிற மொசைக் ஓவியங்கள் (பலரை ஏமாற்றுபவை இவைதான்) 1902 முதல் 1906 வரை பதிக்கப்பட்டவை. கிறிஸ்தவச் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 1521 மே முதல் 1522 மார்ச் வரை தங்கியது அரண்மனையில் அல்ல. முன் முற்றத்திலுள்ள எளிய அறையொன்றில்.