சந்தா நோட்டிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதும் நான்கு பேருக்கு எக்ஸெல் சொல்லித் தருகிறேன். சம், ஆவரேஜ், இஃப் என்று ஃபார்முலாக்களை வரிசையாகச் சொன்னேன். வகுப்பில் செய்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் வந்தால் எல்லாம் மறந்துபோகிறது. என்ன செய்யலாம் அம்மா?
– வாசகி, திண்டிவனம்

பதில்: வருடக்கணக்காகக் குழுக் கணக்கை நோட்டில் எழுதி வருபவர்களுக்குக் கணக்கு புதிதில்லை. ஃபார்முலா எதற்கு என்பதுதான் இன்னும் கண்ணில் படவில்லை. இஃப், ஆவரேஜ் இரண்டையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

எங்கள் ஊர் நூலகத்தில் நான் எடுக்கும் மாலை வகுப்பில், முதல் நாள் சந்தா நோட்டையே கொண்டுவரச் சொல்வேன். பன்னிரண்டு பேர், ஆளுக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ காலத்தில் (மேலிருந்து கீழாகப் போகும் பத்தி, column) பெயர், பி காலத்தில் தொகை, இரண்டாவது வரிசையிலிருந்து பதின்மூன்று வரை. பதினான்கைக் காலியாக விட்டு, பி15 கட்டத்தில் =சம்(பி2:பி14) என்று அடிக்க வேண்டும் (எழுத்துகள் ஆங்கிலத்தில்). 2,400 வரும். இதற்கு யாரும் அசர மாட்டார்கள், கால்குலேட்டரிலும் வருவதுதானே. இப்போது ஒருவருடைய 200ஐ 150 ஆக்கச் சொல்லுங்கள். கீழே தானாக 2,350 ஆகும். நிமிர்ந்து உட்காருவது அப்போதுதான். நோட்டில் ஒரு தொகை மாறினால் எத்தனை இடத்தில் அடித்துத் திருத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஃபார்முலா தொகையை மனப்பாடம் செய்வதில்லை, அது இருக்கும் கட்டத்தின் முகவரியைத்தான் வைத்திருக்கிறது என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள்.

இந்த வகை மென்பொருள் பிறந்ததும் இதே சலிப்பில்தான். ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், ஓர் எண் மாறியதும் ஆசிரியர் கரும்பலகையில் மற்றதையெல்லாம் அழித்து அழித்து எழுதுவதைப் பார்த்தார். பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் என்ற கணக்கு மென்பொருள் 1979இல் வந்தது. எக்ஸெல் அதற்குப் பின் 1985இல்தான்.

காலி வரிசை எதற்கு என்று கேட்பார்கள். புதிதாக ஒருவர் சேர்ந்தால் அதற்கு மேலே ஒரு வரிசையை நுழைத்துக்கொள்ளலாம், மொத்தம் அவரையும் சேர்த்துக்கொள்ளும்.

அடுத்தது, ஒரு தவறை நீங்களே செய்து காட்டுங்கள். ஒரு கட்டத்தில் "200 ரூ" என்று அடித்தால் எக்ஸெல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு கூட்டாமல் விட்டுவிடும். எச்சரிக்கை எதுவும் வராது, மொத்தத்தில் 200 குறையும், அவ்வளவுதான். என் வகுப்பில் ஓர் அம்மா கால் மணி நேரம் தேடி, "இது மட்டும் இடது பக்கம் ஒட்டிக்கிட்டு நிக்குதே" என்று தானே கண்டுபிடித்தார். எண்கள் வலப்பக்கம் நிற்கும், எழுத்து இடப்பக்கம். அதற்கப்புறம் அவர் கண் அங்கேதான் முதலில் போகும்.

மூன்றாவது வாரம் வட்டிக்குப் போங்கள். சி காலத்தில் கடன், ஜி1 கட்டத்தில் வட்டி விகிதம் 2. முதல் ஆளுக்கு =சி2*ஜி1/100 போட்டால் 5,000 ரூபாய் கடனுக்கு 100 வருகிறது. கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சின்னச் சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுக்கச் சொல்லுங்கள். மற்ற எல்லோருக்கும் 0! "எங்களுக்கெல்லாம் வட்டி தள்ளுபடியா?" என்று கேட்காத குழுவை நான் பார்த்ததில்லை. இழுக்கும்போது சி2, சி3 ஆனது சரி. கூடவே ஜி1உம் ஜி2 ஆகி, காலிக் கட்டத்துக்குப் போய்விட்டது. $ஜி$1 என்று எழுதினால் நகராது. இதை விதியாக முதலிலேயே சொல்லாதீர்கள். அந்தப் பூஜ்யங்களை அவர்கள் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

வகுப்பு முழுக்க மவுஸ் அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். அவசரத்தில் நாம் வாங்கிச் செய்துவிட்டால் அன்றைய பாடம் நமக்குத்தான்.

கேள்வி: மொத்தம் வர வேண்டிய கட்டத்தில் ##### என்று வருகிறது. கணக்கு அழிந்துவிட்டதா?
– வாசகர், தேனி

பதில்: பயப்படாதீர்கள், தொகை உள்ளேயே பத்திரமாக இருக்கிறது. காலம் குறுகலாக இருப்பதால் எண் அடங்கவில்லை. மேலே காலத்தின் எழுத்துக்கு வலது ஓரத்தில் உள்ள கோட்டின் மீது இரண்டு முறை தட்டுங்கள், தேவையான அளவுக்கு விரிந்துகொள்ளும்.