கேள்வி – பதில்: ஊர்ப் பெயரோடு மேடையேறும் குத்துச்சண்டைக்காரர்

கேள்வி: நான் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வீதிப் பையன் ஒருவன் தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்கி, வெளி மாநிலங்களில் நடந்த நான்கு போட்டிகளில் வென்றிருக்கிறான். ஊர் நோம்பிக்கு அவன் படத்தைப் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தாயிற்று. அடுத்த போட்டிக்கு இரண்டு பஸ் பிடித்துப் போக இளவட்டங்கள் பணம் திரட்டுகிறார்கள். இப்படி ஊரே பின்னால் நிற்பது அவனுக்குப் பலமா, பாரமா?
(வாசகர், சிங்காநல்லூர்)

பதில்: இரண்டும்தான் என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் மில்லில் காலம் கழித்தவருக்கு அந்தப் பதில் போதாது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள யங்ஸ்டவுன் நினைவுக்கு வந்தது. கோவைக்குப் பஞ்சு எப்படியோ, அந்த ஊருக்கு எஃகு அப்படி. 1977 செப்டம்பர் 19-ஆம் தேதி, ஒரு திங்கட்கிழமையன்று, அங்கிருந்த பெரிய எஃகு நிறுவனம் தன் ஆலையின் பெரும்பகுதியை மூடப்போவதாக அறிவித்தது. அந்த நாளை அவ்வூரார் இன்றும் கறுப்புத் திங்கள் என்றே குறிப்பிடுகிறார்கள். 1930-இல் சுமார் 1,70,000 பேர் வாழ்ந்த ஊரில், 2010-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது 67,000-க்கும் சற்றுக் குறைவானவர்களே இருந்தார்கள். சங்கு ஊதாத மில் வாசலைப் பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்த ஊரில் 1982-இல் பிறந்தவர் கெல்லி பாவ்லிக். அவருடைய பயிற்சியாளர் ஜாக் லோ, வீடுகளின் முன்பாதைக்குத் தார் பூசும் தொழிலை நடத்திக்கொண்டே ஒரு சிறு பயிற்சிக்கூடத்தையும் நடத்தியவர். இந்த இருவரும் 2007 செப்டம்பர் 29 அன்று அட்லாண்டிக் சிட்டியில், அதுவரை தோல்வியே காணாத மிடில்வெயிட் (நடுத்தர எடைப்பிரிவு) சாம்பியன் ஜெர்மெய்ன் டெய்லரை எதிர்கொண்டார்கள். யங்ஸ்டவுனிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கிளம்பிப் போயிருந்தார்கள். இரண்டாவது சுற்றிலேயே பாவ்லிக் கீழே விழுந்தார். எழுந்தபோது கால்கள் அவர் சொல்வதைக் கேட்கவில்லை. கயிற்றில் சாய்ந்தும் எதிராளியைக் கட்டிப்பிடித்தும் அந்தச் சுற்றின் மணியடிக்கும்வரை தாக்குப்பிடித்தார். நடுவர்களின் அட்டைகளில் பின்தங்கியிருந்த நிலையில், ஏழாவது சுற்றில் டெய்லரை மூலைக்குத் தள்ளிச் சாய்த்துப் பட்டத்தை வென்றார். ஆலை மூடி முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஊரின் பெயர் நாளேடுகளில் ஒரு நல்ல செய்திக்காக வந்தது.

இதுவரை பலத்தின் கதை. அடுத்த ஆண்டே, தன் வழக்கமான எடைப்பிரிவைவிட மேலே போய், பட்டம் பணயத்தில் இல்லாத போட்டியில், 43 வயதான பெர்னார்ட் ஹாப்கின்ஸிடம் ஒருதலைப்பட்சமாகத் தோற்றார். 2009 பிப்ரவரியில் சொந்த ஊர் அரங்கிலேயே பட்டத்தைக் காத்துக்கொண்டார் என்றாலும், 2010 ஏப்ரலில் செர்ஜியோ மார்ட்டினஸிடம் முகமெல்லாம் வெட்டுக்காயத்தோடு அதை இழந்தார். மொத்தக் கணக்கு 40 வெற்றி, 2 தோல்வி. 2013 ஜனவரியில், 30 வயதில், ஓய்வை அறிவித்தார். பட்டம் வென்ற இரவைவிட அந்த முடிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பின்னால் ஓர் ஊரே நின்றுகொண்டு "இன்னும் ஒன்று" என்று கேட்கும்போது போதும் என்று சொல்ல, விழுந்து எழுவதைவிடக் கூடுதல் தெம்பு வேண்டும்.

அப்படிச் சொல்ல முடியாமல் திரும்பி வந்தவர் மான்செஸ்டரின் ரிக்கி ஹாட்டன். 2005 ஜூன் 5-ஆம் தேதி, சொந்த ஊர் அரங்கில் சுமார் 22,000 பேர் முன்னிலையில், உலக சாம்பியன் கோஸ்ட்யா சூவைப் பதினோரு சுற்றுகள் நெருக்கி, பன்னிரண்டாவது சுற்றுக்கு எழவிடாமல் வென்றார். அந்தப் போட்டி தொடங்கியது நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு. அமெரிக்கத் தொலைக்காட்சியின் வசதிக்காக அந்த நேரம் குறிக்கப்பட்டது. ஊர் தன் பிள்ளைக்காக விழித்திருந்தது, கடிகாரத்தை வைத்திருந்தவர்கள் வேறு. பின்னர் அமெரிக்காவின் மேவெதரிடமும் பிலிப்பைன்ஸின் பாக்கியாவோவிடமும் லாஸ் வேகாஸில் தோற்று, மூன்றாண்டுக்கு மேல் விலகியிருந்து, மன அழுத்தத்தோடு போராடியதை வெளிப்படையாகப் பேசிய ஹாட்டன், 2012 நவம்பரில் மறுபடி மான்செஸ்டர் மேடையில் ஏறினார். எதிராளி யார் என்று அறிவிக்கும் முன்பே பெரும்பாலான டிக்கெட்டுகள் விற்றுவிட்டன. ஒன்பதாவது சுற்றில் விலாவில் விழுந்த ஒரே குத்தில் தோற்று, அன்றிரவே ஓய்வை அறிவித்தார். 2025 செப்டம்பரில், 46-ஆம் வயதில், காலமானார்.

ஆகவே இரண்டு பஸ் தாராளமாகப் போகட்டும். ஃப்ளெக்ஸ் காசை மட்டும் மிச்சம் பிடித்து, ஆண்டுக்கொரு முறை பையனின் மூளை ஸ்கேனுக்கும் கண் பரிசோதனைக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். நான்கே போட்டி ஆடியவனிடம் "சாம்பியன் எப்போ?" என்று டீக்கடையில் கேட்பதையும் கொஞ்சம் தள்ளிப் போடலாம்.

கேள்வி: பெரிய வீரர்களுக்குக் கோடிகள் கிடைக்கின்றன, சரி. சின்ன அரங்குகளில் ஆடுபவருக்குக் கூலி எங்கிருந்து வருகிறது? எப்போதும் தோற்றுக்கொண்டே இருப்பவருக்கும் இந்தத் தொழிலில் இடம் உண்டா?
(வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: ஊர்ப் பெருமை என்பது அங்கே உணர்ச்சி மட்டுமல்ல, கல்லாப்பெட்டியும் அதுதான். இங்கிலாந்தின் சிறிய அரங்குகளில் சொந்த ஊர் வீரருக்குப் பெரும்பாலும் தனிச் சம்பளம் கிடையாது. ஒரு கட்டு டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். மாமன், மச்சான், கூடப் படித்தவன், முடிதிருத்தும் கடைக்காரர் என்று அவரே நடந்து விற்க வேண்டும். விற்ற தொகையில் எதிராளியின் கூலியும், போட்டியை நடத்தும் புரமோட்டரின் பங்கும் போக எஞ்சுவது அவருடையது, அதிலும் மேனேஜருக்கும் கோச்சுக்கும் பங்கு உண்டு. நன்றாகக் குத்தத் தெரிந்து டிக்கெட் விற்கத் தெரியாதவனைவிட, சுமாராகக் குத்தி இருநூறு டிக்கெட் விற்பவனுக்கே அடுத்த தேதி சீக்கிரம் கிடைக்கும். நம் ஊரில் சீட்டுக்கு ஆள் சேர்ப்பவருக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபட்டுவிடும்.

அந்த இருநூறு பேர் தங்கள் பையன் ஜெயிப்பதைப் பார்க்கக் காசு கொடுத்தவர்கள். எனவே எதிரே நிற்க, அனுபவமும் தற்காப்பும் உள்ள, ஆனால் பெரும்பாலும் புள்ளிகளில் தோற்றுப்போகக்கூடிய ஒருவர் தேவைப்படுகிறார். பர்மிங்காமின் பீட்டர் பக்லி அந்த வேலையைத் தொழிலாகவே செய்தவர். மொத்தம் 300 போட்டிகளில் 32 வெற்றி, 256 தோல்வி, 12 டிரா. ஊர் ஊராகப் போய், ஒவ்வோர் ஊரின் பெருமைக்கும் எதிரே நின்று, அடிபடாமல் தப்பித்து, கூலி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். 2008 அக்டோபரில் சொந்த ஊரில் நடந்த தம் 300-ஆவது போட்டியில் வென்று ஓய்வு பெற்றார்.

நம் பக்கத்துச் சேவற்கட்டில் தோற்ற சேவலைக் கோச்சை என்பார்கள். அது வென்றவன் வீட்டுக் குழம்புக்குப் போகும். பக்லியை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை. அவரிடம் கற்றுக்கொள்ளாமல் மேலே போன இளைஞர்கள் குறைவு.

கேள்வி: சொந்த ஊரில் போட்டி நடந்தால் நடுவர்கள் அந்த ஊர்க்காரருக்குச் சாதகமாகத்தானே தீர்ப்பளிப்பார்கள்?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: எப்போதும் அப்படிச் சொல்ல முடியாது. மேடையின் மூன்று பக்கங்களில் அமர்ந்த மூன்று நடுவர்கள், ஒவ்வொரு சுற்றையும் வென்றவருக்குப் 10, மற்றவருக்கு 9 அல்லது அதற்கும் குறைவு என்று எழுதுகிறார்கள். கூட்டத்தின் இரைச்சல் அந்தக் காதுகளுக்கும் கேட்கும் என்பதை மறுப்பதற்கில்லை. 2017 ஜூலை 2 அன்று ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், பள்ளி ஆசிரியராக இருந்த ஜெஃப் ஹார்ன், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சொந்த ஊர்க் கூட்டத்தின் முன் மேனி பாக்கியாவோவைப் புள்ளிகளில் வென்றார். அது ஊர்த் தீர்ப்பு என்று உலகமெங்கும் குரல் எழுந்தது. பட்டத்தை வழங்கும் அமைப்பு, வேறு ஐந்து நடுவர்களைக் கொண்டு போட்டியைத் தனியாக மதிப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஹார்னின் வெற்றி செல்லும் என்றது. நானும் அந்தப் போட்டியைப் பார்த்தேன். என் கணக்கில் பாக்கியாவோதான் முன்னால் இருந்தார். ரேக்ளா பந்தய முடிவைப் பற்றி ஊருக்கு ஊர் சண்டை பிடிக்கும் பொள்ளாச்சிக்காரருக்கு இது புதிதல்ல.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. பகலில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, மாலையில் பாக்ஸிங். மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கியிருக்கிறான். "அமெச்சூர் போதும்மா, புரொஃபஷனலுக்குப் போறேன், திருப்பூர் பேரை எடுத்துக் காட்டறேன்" என்கிறான். தடுப்பதா, விடுவதா என்று தெரியவில்லை. அவன் அப்பா இல்லை; நீங்கள் சொல்லுங்கள்.
(தாய், திருப்பூர்)

பதில்: அம்மா, இரண்டும் ஒரே விளையாட்டின் இரு படிகள் என்று உங்கள் மகன் நினைக்கலாம். உண்மையில் அவை இரண்டு வேறு பிழைப்புகள். அமெச்சூரில் மூன்று நிமிடம் வீதம் மூன்று சுற்று. பதக்கம் வந்தால் ரயில்வே, இராணுவம், காவல்துறை என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வழி உண்டு. தொழில்முறையில் நான்கு சுற்றில் தொடங்கிப் பன்னிரண்டு சுற்றுவரை போகும். அங்கே ஆடுவதற்குக் கூலி உண்டு, வேலைக்கு உத்தரவாதம் இல்லை.

ஹரியானாவின் பிவானி அருகேயுள்ள கிராமத்தில் பிறந்த விஜேந்தர் சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று, குத்துச்சண்டையில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தார். மாநிலக் காவல்துறையில் பதவியும் பெற்றார். அதன் பிறகே 2015 அக்டோபரில் மான்செஸ்டரில் முதல் தொழில்முறைப் போட்டி ஆடினார். அடுத்த ஜூலையில் டெல்லியில், சொந்த நாட்டுக் கூட்டத்தின் முன், ஆசிய பசிபிக் பட்டத்தை வென்றார். தொடர்ந்து 12 வெற்றிகள் கண்டவர், 2021 மார்ச்சில் கோவாவில் ஒரு கப்பலின் மேல்தளத்தில் நடந்த போட்டியில் முதன்முறையாகத் தோற்றார். அந்தத் தோல்வி அவரை நடுத்தெருவில் நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1982 நவம்பரில், முன்பு சொன்ன அதே யங்ஸ்டவுனைச் சேர்ந்த ரே மான்சினியோடு மோதிய தென்கொரியாவின் கிம் டுக்-கூ, பதினான்காவது சுற்றில் விழுந்து, சில நாட்களில் மூளைக் காயத்தால் இறந்தார். அதன் பிறகே உலகப் பட்டப் போட்டிகள் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டாகக் குறைந்தன.

சென்ற மாதம் கணபதியில், மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையின் மாடியில் இருக்கும் ஒரு பயிற்சிக்கூடத்துக்குப் போயிருந்தேன். உங்கள் மகன் வயதுப் பையன் ஒருவன் கையில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தான். கட்டைவிரலில் வளையத்தை மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டிகளின் மேல் மூன்று சுற்று, பிறகு விரலிடுக்குகளில் ஒவ்வொன்றாக நுழைத்து வாங்கி, மறுபடி மணிக்கட்டில் முடித்தான். நான்கரை மீட்டர்த் துணி. முடித்ததும் கையை மூடித் திறந்து பார்த்தான். திருப்தியில்லாமல் முழுவதையும் அவிழ்த்தான். "ரொம்ப இறுக்கிட்டா விரல் மரத்துப்போயிருமுங்க, தளர்த்தியா உட்டா எலும்பு போயிருமுங்க" என்றான். தொழில்முறையில் இந்த வேலையைப் பஞ்சுத்துணியும் டேப்பும் கொண்டு வேறொருவர் செய்வார். எதிரணி ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று கண்கொட்டாமல் பார்ப்பார். 2009 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில், மெக்சிகோவின் அந்தோனியோ மார்கரிட்டோவின் கைக்கட்டுக்குள் கெட்டிப்பட்ட பட்டைகள் இருந்ததை அப்படி நின்ற எதிரணிப் பயிற்சியாளர்தான் கண்டுபிடித்தார். மார்கரிட்டோவின் உரிமம் பறிபோனது.

இதை எழுதக் காரணம், உங்கள் மகனுக்கும் அப்படிப் பக்கத்தில் நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பதே. அவனுடைய பயிற்சியாளரை வீட்டுக்கு அழைத்து, சாப்பாடு போட்டு, பொறுமையாகக் கேளுங்கள். நாக் அவுட் ஆனால் எத்தனை நாள் பயிற்சியிலிருந்து நிறுத்துவீர்கள்? ஸ்கேன் செலவு யாருடையது? மேடையருகே டாக்டரும் ஆம்புலன்சும் இருக்குமா? ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, அதை யார் படித்துப் பார்த்தார்கள்? வெள்ளைத் துண்டை வீசிப் போட்டியை நிறுத்த வேண்டிய நேரம் வந்தால், டிக்கெட் வாங்கிய கூட்டத்தின் முகத்தைப் பார்க்காமல் வீசுவீர்களா? பதில்கள் தயங்காமல் வந்தால், பனியன் கம்பெனி வேலையை விடாமல் நான்கு சுற்றுப் போட்டி ஒன்றில் ஆடிப் பார்க்கட்டும். தயங்கினால் இன்னும் ஓராண்டு அமெச்சூரிலேயே இருக்கட்டும். அப்போதும் அவனுக்கு 20 வயதுதான் ஆகியிருக்கும். விஜேந்தர் முதல் தொழில்முறைப் போட்டிக்கு ஏறியபோது அவருக்கு வயது 29.