கிராண்ட் கேன்யனுக்குப் பாக் கட்டுறவைக்கு: உங்கட கேள்வியும் என்ர பதிலும்

வெளியில இருக்கிற சொந்தக்காரர் இந்த வருசம் கனபேரைக் கூப்பிட்டிருக்கினம் போல, வந்த கேள்வியள்ல முக்காவாசி கிராண்ட் கேன்யன் பற்றித்தான், அமெரிக்காவில அரிசோனாவில கொலராடோ ஆறு வெட்டின பெரிய பள்ளம் அது. ஒரே மாதிரிக் கேட்டதுகளைச் சேத்துப் போட்டிருக்கிறன்.

அண்ணா, நாங்க திருகோணமலை வெயில்ல வளந்த ஆக்கள். ஆளுக்கு 2 லீட்டர் தண்ணி காணாதோ? (உப்புவெளி)

காணாது தம்பி. இங்க வேர்த்தா சட்டை முதுகில ஒட்டும், அதால உங்களுக்கே விளங்கும். அங்க காத்து காய்ஞ்சது, வேர்வை வந்த கையோட ஆவியாப் போயிடும், சட்டை ஈரமே இல்லை, பின்னால வெள்ளையா உப்புக் கோடு மட்டும் விழுந்திருக்கும், அதைப் பாத்துத்தான் இவ்வளவு தண்ணி போயிட்டுதா எண்டு தெரியவரும். ஆளுக்கு நாளைக்குக் குறைஞ்சது 4 லீட்டர், வெக்கை காலத்தில அதுக்கும் மேல. 4 லீட்டர் எண்டா 4 கிலோ, அந்தப் பாரத்தை முதல்ல பாக்கில வைச்சிட்டு மிச்ச இடத்துக்கு என்ன கொள்ளுதோ அதைத்தான் மற்றச் சாமான் எண்டு நினைக்கோணும். பள்ளத்தின்ர தெற்கு விளிம்பு 2,100 மீட்டர் உயரம், கீழ கொலராடோ ஆறு 750 மீட்டருக்குக் கிட்ட, இறங்க இறங்க வெக்கை கூடும், ஜூலையில அடியில 40 பாகை தாண்டுறது சாதாரணம். கீழ இறங்கிற பாதையளில, சவுத் கைபாப் பாதையில சொட்டுத் தண்ணி இல்லை. பிரைட் ஏஞ்சல் பாதையில பைப் இருக்கு, ஆனா லைன் உடைஞ்சு நிக்கிறதும் நடக்கும், இறங்குற அண்டு காலமை ரேஞ்சரிட்ட (பூங்காக் காவலரிட்ட) கேட்டிட்டு இறங்குங்கோ.

இன்னொண்டு, வெறுந்தண்ணிய மட்டும் குடிச்சுக்கொண்டே போனா உடம்பில உப்புக் குறைஞ்சு தலையிடி, சத்தி, ஆள் தடுமாறுறது எல்லாம் வரும், அதைத் தாகம் எண்டு நினைச்சு இன்னும் குடிச்சா நிலைமை மோசமாகும். ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புத்தூள்) பக்கெட் நாலைஞ்சு, உப்புக் கச்சான், உப்பு பிஸ்கட் கட்டாயம் கொண்டு போங்கோ. தண்ணிய ஒரே பையில ஊத்தாதீங்கோ, அது கீறினா எல்லாம் போச்சு.

கீழ ஆறு ஓடுதுதானே, ஃபில்டர் கொண்டு போனா பாரம் குறையாதோ?

ஆறு சேத்துத் தண்ணி. நேர ஃபில்டரில விட்டா கொஞ்ச நேரத்தில அடைச்சிடும். மடிக்கிற வாளியில இரவு முழுக்கத் தெளிய வையுங்கோ, கொஞ்சம் படிகாரம் போட்டா கெதியாத் தெளியும், பிறகு வடிங்கோ. ஆனா ஆத்தடிக்குப் போய்ச் சேரும்வரைக்கும் தண்ணி நீங்க சுமந்ததுதான்.

ஜீன்ஸ் போடலாமோ? இரவுக்குச் சாரம் காணுமோ? (மூதூர்)

ஜீன்ஸ் வேண்டாம். கோடையில தொளதொள எண்ட நீளக்கைக் கொட்டன் சட்டை திறம், தண்ணி கண்ட இடத்தில நனைச்சுப் போட்டா உடம்பு குளிரும். ஒக்டோபர், ஏப்ரல் பக்கம் போறீங்க எண்டா அதே கொட்டன் எதிரி, விளிம்பில இரவு பூச்சியத்துக்குக் கிட்டப் போகும், ஈரச் சட்டையோட நிண்டா விறைச்சுப் போவீங்க. கம்பளி ஒண்டு, காத்து மறைக்கிற ஜக்கெட் ஒண்டு வேணும். சாரம் நான் எங்கையும் விடுறேல்லை, போர்வை, துவாய், உடுப்பு மாத்துற மறைப்பு எல்லாம் அதுதான். புதுச் சப்பாத்தோட போகாதீங்கோ, போக முதல் கால் நகத்தை வெட்டுங்கோ, இறக்கத்தில நகம் போய் முட்டி முட்டிக் கறுத்திடும். விடிய சப்பாத்தை உதறிப்போட்டுப் போடுங்கோ, தேள் இருக்கிற இடம்.

மழைக் கோட் தேவையோ? பாலைவனம்தானே.

தேவை. ஜூலையில இருந்து செப்டம்பர் நடுவரைக்கும் பின்னேரத்தில இடிமழை. ஒடுங்கின பள்ளத்துக்குள்ள நிக்கேக்க உங்கட தலைக்கு மேல வானம் நீலமாவே இருக்கும், பல மைல் தள்ளிப் பெஞ்ச தண்ணி சுவர் மாதிரி வரும். 1997 ஓகஸ்ட் 12 அரிசோனாவிலயே இருக்கிற இன்னொரு ஒடுங்கின பள்ளமான அன்ரிலோப் கேன்யனில 11 பேர் அப்பிடித்தான் செத்தவை. கோட் இதுக்கு உதவாது, வானிலை பாத்திட்டு உள்ள போகாம விடுறதுதான் உதவும். வறண்ட ஓடைக்குள்ள டென்ட் அடிக்காதீங்கோ, மணல் மெத்தெண்டு இருந்தாலும்.

அம்மா கட்டுச்சோறு, கருவாட்டுச் சம்பல் எண்டு நிக்கிறா...

அம்மாவை நோகடிக்காதீங்கோ, ஆனா இறைச்சி கலந்தது அமெரிக்காவுக்குள்ள எடுக்க விடாங்கள், மற்றச் சாப்பாட்டையும் எயார்போட்டில மறைக்காமச் சொல்லுங்கோ. பள்ளத்துக்குள்ள விறகு மூட்டத் தடை, காஸ் அடுப்பு மட்டும்தான். காஸ் டின் பிளேனில ஏத்த ஏலாது, அங்க போய் வாங்குங்கோ. அங்கத்தை அணிலுகள் எங்கட திருகோணமலைக் கோட்டைப் பக்கத்து மான்களை விட மோசம், துணிப் பாக்கைக் கடிச்சு ஓட்டை போடும், கெட்டி டப்பாவில சாப்பாட்டை அடையுங்கோ.

கேக்கவே வெக்கமா இருக்கு, கக்கூஸ்?

இதில என்ன வெக்கம். முகாமில கக்கூஸ் இருந்தா அங்க போங்கோ. இல்லாட்டி தண்ணியில இருந்து 60 மீட்டர் தள்ளி, 15 சென்ரிமீட்டரளவுக்குக் கிண்டி மூடுங்கோ, சின்ன மண்வெட்டி ஒண்டு பாக்கில இருக்கட்டும். பேப்பரை மட்டும் சிப் பாக்கில போட்டுத் திருப்பிக் கொண்டு வரோணும்.

ட்ரோன்?

ஏலாது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில 2014இல இருந்து தடை. இரவு கீழ தங்கிறதுக்கு அனுமதிப் பத்திரம் வேணும், அதுக்கு அலையிறதை முதல்ல பாருங்கோ.