விளக்கெண்ணெய் வாசனையும் விட்ட இடத்துக்கே திரும்பும் கார்களும்: பட்டறைக் கேள்வி பதில்

மலேசியாவில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல வருடம் ஆகிவிட்டது. என் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான் வருகிறது. தோட்டத்து டிராக்டர் பட்டறையில் வேலை கற்று, பிறகு பட்டணத்தில் சொந்தப் பட்டறை போட்டவன் நான். போன மாதம் பட்டறைத் தொலைக்காட்சியில் இங்கிலாந்தின் குட்வுட் ரிவைவல் என்ற பழைய கார்ப் பந்தயத்தைப் போட்டுவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டயர் மாற்ற வந்தவர், கோப்பி வாங்கி வந்தவர், பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பியவர் என்று ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். கையில் கிரீஸ். “தாளில் எழுதி ஸ்பானர் பெட்டியில் போடுங்கள், பதில் எழுதித் தருகிறேன்” என்றேன். நிஜமாகவே போட்டுவிட்டார்கள்.

செம்பனைக் குலை லாரி ஓட்டும் தம்பி: அண்ணே, ஒரே ஆள் உட்காருகிற அந்தச் சுருட்டு மாதிரி காரெல்லாம் எதற்கு? மியூசியத்தில் வைக்க வேண்டியதை ஏன் ஓட்டி உடைக்கிறார்கள்?

பந்தயத்துக்கு மட்டுமே பிறந்த கார் தம்பி அது. விளக்கு, கதவு, பக்கத்து சீட்டு ஒன்றும் கிடையாது. நடுவில் ஓட்டுநர், முன்னாலோ பின்னாலோ இன்ஜின், வெளியே நாலு சக்கரம். குட்வுட் தடம் 1948 முதல் 1966 வரை ஓடி மூடப்பட்டது. 1998-இல் அதே தடத்தில், அதே காலத்துக் கார்களை வைத்து ரிவைவல் தொடங்கியது. மொனாக்கோவிலும் 1997 முதல் பழைய கார்களுக்கென்று தனி கிராண்ட் பிரீ பந்தயம் நடக்கிறது.

ஓட்டினால் உடையும், சரி. ஓட்டாவிட்டாலும் கெடும். சீல் காயும், மக்னீசிய உறைகள் அரிக்கும், பெட்ரோல் வார்னிஷ் ஆகும். தோட்டத்தில் ஆறு மாதம் நிறுத்தி வைத்த டிராக்டரைக் கிளப்பிப் பார்த்தவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம்.

முப்பது வருடம் பால்மரம் வெட்டிய அக்கா: அந்தக் கார் டயரில் நாங்கள் வெட்டிய பால் இருந்திருக்குமா?

பெட்டியில் கிடந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான் அக்கா.

1960களின் முற்பாதியில் கிராண்ட் பிரீ கார்கள் பெரும்பாலும் டன்லப் டயரில்தான் ஓடின. பந்தய வீரர்கள் ஸ்டிர்லிங் மோஸ், ஜிம் கிளார்க் எல்லாரும் அந்த டயரில் ஜெயித்தவர்கள்தான். அதே டன்லப்புக்கு மலாயாவில் சொந்த ரப்பர் தோட்டங்கள் இருந்தன. உலகத்தில் அதிகமாக இயற்கை ரப்பர் கொடுத்ததும் அப்போது நம் நாடுதான். எந்த மரத்துப் பால் எந்த டயருக்குப் போனது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. ஆனால் விடியற்காலை நாலரை மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனவர்களுக்கு அந்தப் பந்தயத்தில் பங்கே இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இயற்கை ரப்பர் மடங்கி மடங்கி நிமிரும்போது அதிகம் சூடாகாது. அதனால்தான் இன்றைக்கும் விமான டயரிலும் கனரக லாரி டயரிலும் அது நிறையச் சேர்கிறது. தரையை ஒட்டும் மேல்பாகத்துக்கு வேறு குணம் வேண்டும். ஈரத்தில் பிடிக்க வேண்டும். அங்கே செயற்கை ரப்பர் மெல்ல மெல்ல நுழைந்தது.

இன்னொன்று. அந்தக் கால டயரின் உள்நூல்கள் ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக, பாய் பின்னியதுபோல் போகும். கிராஸ்பிளை என்போம். இப்போது நம் காடிகளில் இருப்பது ரேடியல். ரேடியல் கெட்டியாகப் பிடிக்கும், விடும்போது சட்டென்று விட்டுவிடும். கிராஸ்பிளை கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கும். “போகப் போகிறேன், போகிறேன், போய்விட்டேன்” என்று சொல்லிக்கொண்டே போகும். அதனால்தான் பழைய கார்கள் வளைவில் நாலு சக்கரமும் சறுக்க, மூக்கை உள்பக்கம் திருப்பியபடி நகர்கின்றன. மழை பெய்த செம்மண் சாலையில் லாரி ஓட்டியவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தாலே சிரிப்பார்கள். ஸ்டியரிங்கில் பாதி, ஆக்சிலேட்டரில் பாதி என்று அவர்கள் திருப்புவதும் அப்படித்தானே!

இந்தப் பந்தயங்களில் இன்றும் பழைய வடிவ டயர்தான் போட வேண்டும். டன்லப் அதை இன்னமும் செய்து தருகிறது. நவீன டயர் போட்டால் பிடிப்பு கூடும், பழைய காரின் அடிச்சட்டமான சேஸிஸ் அந்த இழுப்பைத் தாங்காது.

மைவி வைத்திருக்கும் பையன்: அங்கிள், என் மைவி 1.5 லிட்டர். அந்தக் காரை ஜெயிக்குமா?

1961 முதல் 1965 வரை பார்முலா ஒன் இன்ஜினும் 1.5 லிட்டர்தான் தம்பி. அளவு ஒன்று. உன் மைவி நூறு குதிரைசக்தி சொச்சம், எடை ஒரு டன் பக்கம். ஜிம் கிளார்க் 1963-இல் உலகப் பட்டம் வாங்கிய லோட்டஸ் 25 இருநூறை ஒட்டிய குதிரைசக்தி, எடை 450 கிலோ பக்கம். எட்டு சிலிண்டர், ஒவ்வொன்றும் நம் கப்சாய் மோட்டார் சைக்கிளின் சிலிண்டரைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். 1965-இல் கிளார்க்கும் ஜாக்கி ஸ்டூவர்ட்டும் 3.8 கிலோமீட்டர் குட்வுட் தடத்தை 1 நிமிடம் 20.4 விநாடியில் சுற்றினார்கள். சராசரி மணிக்கு 170 கிலோமீட்டருக்கு மேல். உன் மைவியில் ஏர்கோன் இருக்கிறது, அதை வைத்துத் திருப்திப்படு.

கப்சாய் பட்டறை வைத்திருக்கும் தம்பி: மோட்டார் சைக்கிள் இன்ஜினில் ஓடும் ஒற்றை சீட்டுக் கார் இருந்ததாமே?

இருந்தது. யுத்தம் முடிந்து கையில் காசில்லாத காலம். கூப்பர் என்ற அப்பாவும் மகனும் சின்ன ஃபியட் காரின் முன்பாகத்தை இரண்டு பக்கமும் வைத்து, நடுவே 500 சிசி ஜேஏபி மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் போட்டார்கள். செயின் பின்சக்கரத்தை இழுக்க வேண்டும், அதனால் இன்ஜின் முதுகுக்குப் பின்னால் போனது. பெரிய தத்துவம் ஒன்றுமில்லை, செயினின் வசதி! மோஸ் 1948-இல் அப்படி ஒரு காரில்தான் தொடங்கினார். அதே கூப்பர் 1959-இல் பின்பக்க இன்ஜினோடு ஜாக் பிராபமுக்கு உலகப் பட்டம் வாங்கித் தந்தது. அதற்குப் பிறகு முன்பக்க இன்ஜின் கார்களின் கதை முடிந்தது. அந்த 500 சிசி கார்கள் இன்றும் பழைய கார்ப் பந்தயங்களுக்கு வருகின்றன. கூட்டமாக வந்தால் குளவிக்கூட்டைக் கலைத்த சத்தம்.

கோயில் கமிட்டிப் பெரியவர்: இன்ஜின் மாற்றி, பாடி மாற்றி, சக்கரம் மாற்றி ஓட்டுகிறார்களே. அப்புறம் அது எப்படிப் பழைய கார்?

ஐயா, நம் கோயில் தேருக்குச் சக்கரம் மாற்றினோம், அச்சு மாற்றினோம், மேல்தட்டு மரமும் மாற்றினோம். தேர் மாறிவிட்டது என்று யாராவது சொன்னார்களா?

ஆனால் உங்கள் கேள்வி நியாயமானது. இந்த உலகத்தில் பெரிய சண்டையே இதில்தான். பந்தயக் காலத்திலேயே கார்கள் மோதி, அடிச்சட்டம் மாற்றி, இன்ஜின் மாற்றி ஓடியவை. ஒரே சேஸிஸ் எண்ணைச் சொல்லி இரண்டு கார் நிற்கும் வேடிக்கையும் நடக்கும். உடைந்த பழைய அடிச்சட்டத்தை ஒருவர் வாங்கிப் புதுப்பித்திருப்பார், கழற்றிப் போட்ட இன்ஜினையும் பாகங்களையும் வைத்து இன்னொருவர் முழுக் காரே கட்டியிருப்பார். அதனால் உலக மோட்டார் பந்தயச் சங்கமான எஃப்ஐஏ ஒவ்வொரு காருக்கும் தொழில்நுட்பப் பாஸ்போர்ட் ஒன்று தருகிறது. இன்ஜின் அளவு, சஸ்பென்ஷன், பிரேக், எல்லாம் அந்தக் காலத்து வகைதான் என்று படத்தோடு அதில் பதிவாகும்.

என் கணக்கு இது: அடிச்சட்டம் கைமாறிய வரலாறு இடையில் அறுபடாமல் வந்திருந்தால் அது அதே கார். ஒரு எண் தகட்டை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றிலும் புதுக் கார் கட்டினால், அது நல்ல வேலைப்பாடு. பழைய கார் இல்லை.

படிவம் நான்கு மாணவி: ஓட்டுநர்கள் ஏன் சிலர் பெல்ட் போடவில்லை? ஆபத்து இல்லையா?

ஆபத்துதான் மகளே. தலைக்குப் பின்னால் கவிழ்வுக் கம்பி இல்லாத காரில் பெல்ட் போட்டால், கார் புரளும்போது ஆள் அடியில் மாட்டிக்கொள்வார். தூக்கி எறியப்பட்டால் பிழைக்க வாய்ப்புண்டு என்பது அந்தக் கால யோசனை. கிராண்ட் பிரீ கார்களுக்கு 1961-இல்தான் கவிழ்வுக் கம்பி கட்டாயமானது, பெல்ட் 1972-இல். இன்று நவீன ஹெல்மெட்டும் தீப்பிடிக்காத உடுப்பும் உண்டு. மோஸ் 1962-இல் இதே குட்வுட்டில் மோதி ஒரு மாதம் நினைவில்லாமல் கிடந்தார். அவருடைய பந்தய வாழ்க்கை அதோடு முடிந்தது. பழைய காரில் ஏறுகிறவர்கள் இதெல்லாம் தெரிந்துதான் ஏறுகிறார்கள்.

செம்பனை ஆலை பிட்டர்: ஸ்பேர் பார்ட் எங்கே கிடைக்கும்?

கிடைக்காது, செய்துகொள்ள வேண்டும். பழைய வரைபடம், இல்லாவிட்டால் உடைந்த பாகத்தை அளந்து புது வார்ப்பு. பந்தயம் முடிந்தால் கழற்றி விரிசல் பார்ப்பார்கள். உங்கள் ஆலையில் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து வெள்ளைப் பவுடர் அடிப்பீர்களே, அதே வேலை. கிளப்புவதும் சும்மா சாவி திருப்புவது இல்லை. சூடேறும்வரை ஒரு வகை ஸ்பார்க் பிளக், சூடேறியதும் அதைக் கழற்றிப் பந்தயப் பிளக் என்று மாற்றுகிறவர்கள் உண்டு. குளிர்ந்த இன்ஜினை முறுக்குகிறவனை அங்கே யாரும் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள்.

மளிகைக் கடை அண்ணாச்சி: என்ன விலை இருக்கும்?

பந்தய வீரர் ஃபாஞ்சியோ 1954-இல் ஜெயித்த மெர்சிடிஸ் டபிள்யூ196 ஒன்று 2013-இல் குட்வுட்டிலேயே ஏலம் போனது. 1 கோடியே 96 லட்சம் பவுண்டு. வெள்ளிக்கு மாற்றிப் பார்க்காதீர்கள், இரவில் தூக்கம் வராது.

பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற மாமா: நீ நேரில் போனாயாமே, என்ன பார்த்தாய்?

மகள் இங்கிலாந்தில் தாதியாக இருந்தபோது ஒருமுறை குட்வுட் போனேன் மாமா. அங்கே பார்வையாளர்களும் 1940கள் முதல் 60கள் வரையிலான உடுப்பில் வருவார்கள். மகள் கோட்டு வாடகைக்கு எடுக்கலாம் என்றாள். நான் தோட்டத்துப் பெரிய கிராணி மாதிரி காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு போனேன். நான்கு பேர் படம் எடுத்துக்கொண்டார்கள். குளிரில் முழங்கால் நடுங்கியது வேறு கதை.

கண்ணைவிட மூக்குக்குத்தான் அங்கே வேலை. கார் கிளம்பியதும் ஒரு வாசம். எங்கேயோ பழகிய வாசம். யோசித்துப் பார்த்தால் விளக்கெண்ணெய்! அம்மா மூக்கைப் பிடித்து ஊற்றுவாளே, அதே சாமான். பழைய பந்தய இன்ஜின்களில் ஆமணக்கு எண்ணெய் கலந்த காஸ்ட்ரால் ஆர் ஊற்றுவார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாது. ஆனால் சாதாரண எண்ணெயோடு கலக்காது, நின்றால் பசையாகும். இளவயதில் இதைக் கேள்விப்பட்டு என் டூஸ்ட்ரோக் மோட்டாரில் விளக்கெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன். இரண்டு நாள் ராஜா மாதிரி ஓடியது. மழைக்காலம் முழுக்க நிறுத்திவிட்டு வந்து உதைத்தால் கார்புரேட்டரில் புளிப்பிசின்.

அங்கே எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது ஈஆர்ஏ என்ற பழைய ஆங்கிலப் பந்தயக் கார்களில் நீலநிறத்தவை. சயாம் இளவரசர் பீராவின் நிறம் அது. 1935-இல் அவருடைய அண்ணன்முறை இளவரசர் சூலா 21-வது பிறந்தநாளுக்கு ஒரு ஈஆர்ஏ வாங்கிக் கொடுத்தார். ரோமுலஸ் என்று பெயர். 1936-இல் அதில் மொனாக்கோவில் சின்ன கார்ப் பந்தயத்தை ஜெயித்தார். 1950-இல் சில்வர்ஸ்டோனில் உலகப் பட்டத்துக்கான முதல் பந்தயம் நடந்தபோது வரிசையில் நின்ற தென்கிழக்காசிய முகம் அவருடையதுதான். பக்கத்து நாட்டுக்காரர், நம்மில் பலருக்குப் பெயரே தெரியாது.

டியூஷன் பையன்கள் மூன்று பேர் சேர்ந்து எழுதியது: பட்டறை உத்தரத்தில் தொங்கும் அந்தப் பூ இல்லாத வழவழ டயர் எந்தக் காரோடது? தருவீர்களா?

பத்து தீகாவில் கிடைத்தது. செப்பாங் பந்தயத் தடம் வந்தது 1999-இல். அதற்கு முன் 1968 முதல் பந்தயம் என்றால் ஷா ஆலாம் பக்கத்து பத்து தீகாதான். இளவட்டமாக இருந்தபோது பேருந்து பிடித்துப் போவேன். ஒரு ஒற்றை சீட்டுக் காருக்கு டயர் உருட்டிக் கொடுத்ததற்குக் கூலியாகத் தேய்ந்த டயர் ஒன்றைத் தந்தார்கள். பூ இல்லாத ஸ்லிக், 1971 முதல் பார்முலா ஒன்னில் வந்த வகை. காய்ந்த சாலையில் முழு ரப்பரும் தரையில் ஒட்டும், மழையில் உதவாது. கடைசிப் பேருந்தில் டயரோடு ஏற விடவில்லை. பாதி வழி உருட்டினேன், பாதி வழி செங்கல் லாரி.

தர மாட்டேன். வாசலில் கிடந்தபோது மழைநீர் தேங்கிக் கொசு வருகிறது, சுகாதாரத்துறை பார்த்தால் அபராதம் என்று வீட்டில் திட்டு விழுந்தது. அதனால்தான் உத்தரத்தில் ஏறியது. தொட்டுப் பார்க்க வேண்டுமானால் சனிக்கிழமை வாருங்கள், ஏணி போட்டுத் தருகிறேன்.